மண்வெட்டியும் பேரேடும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்துக்கு முன்னதாக வருகிறது சேரப்பணஞ்சேரி. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அந்தச் சாலையோரம் சற்று நேரம் நின்றால் போதும், இந்தப் பகுதியின் இன்றைய வாழ்க்கை கண்முன் கடந்துபோகும். முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள், இரவுப் பணி முடித்துத் தூக்கம் நிறைந்த கண்களோடு இறங்கும் இளைஞர்கள், புதிய கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட லாரிகள். அவற்றுக்கு நடுவே சைக்கிளில் பால் கேனை மாட்டிக்கொண்டு ஒருவரோ இருவரோ போகிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் இந்தக் காட்சி தலைகீழாக இருந்தது.

மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். அண்மையில் ஒரு பெற்றோர் கூட்டத்தில், பள்ளிகளில் இளைஞர் வேளாண் மன்றங்களை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும் என்று பேசினேன். பேசி முடித்ததும் ஒரு தந்தை எழுந்தார். “சார், எங்கப்பா ஏர் ஓட்டினார். நான் அந்த நிலத்தை வித்துட்டு இப்ப கம்பெனியில செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன். என் பையனுக்கு உழறதுக்கு ஒரு காணிகூட இல்லை. அவனுக்கு எதுக்கு சார் விவசாய மன்றம்?” என்று கேட்டார். கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். நியாயமான கேள்வி அது. அன்று என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த பதில்.

இத்தகைய மன்றங்கள் எப்படித் தோன்றின என்பதிலிருந்து தொடங்கலாம். 1902 ஜனவரி 15 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகர நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் சுமார் 30 சிறுவர் சிறுமியர் கூடினர். அவர்களைக் கூட்டியவர் ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர். கிராமத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடத்துக்கும் அவர்கள் வாழும் வாழ்க்கைக்கும் தொடர்பே இல்லை என்பது அவருடைய கவலை. பிள்ளைகள் தங்கள் வயல் மண்ணைக் கொண்டுவந்து லிட்மஸ் தாளால் சோதித்தனர். நல்ல மக்காச்சோள விதையைத் தேர்ந்தெடுத்து விதைத்தனர், காய்கறி பயிரிட்டனர், கண்டதை எழுதி வைத்தனர். இதே காலத்தில் அந்நாட்டின் வேறு பல மாநிலங்களிலும் மக்காச்சோளக் கழகங்களும் பெண் பிள்ளைகளுக்கான தக்காளிக் கழகங்களும் தோன்றின. இவையெல்லாம் சேர்ந்து பின்னாளில் ‘4-எச்’ என்று பெயர் பெற்றன. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்குக்குமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து அது.

அன்றைய வேளாண் கல்லூரிகள் ஒரு சிக்கலில் இருந்தன. புதிய விதை, புதிய முறை என்று அவை கண்டறிந்து சொன்னவற்றை விவசாயிகள் நம்பவில்லை. அச்சிட்ட அறிவுரைகளை ஓரத்தில் வைத்துவிட்டு, தாத்தா செய்தபடியே செய்துவந்தனர். ஆனால், தங்கள் வீட்டுப் பிள்ளை வயலின் ஒரு மூலையில் புதிய முறையில் பயிர் செய்து, பக்கத்துப் பாத்தியைவிட அதிகம் விளைவித்துக் காட்டியபோது அவர்களால் மறுக்க முடியவில்லை. ஆராய்ச்சிக்கும் வயலுக்கும் இடையிலான தூதர்களாகப் பிள்ளைகள் ஆயினர். 1914-ல் இயற்றப்பட்ட ஸ்மித்–லீவர் சட்டம் வேளாண் விரிவாக்கப் பணியை நாடு முழுவதற்கும் முறைப்படுத்தியபோது, இந்தக் கழகங்களும் அதன் பகுதியாயின.

1928-ல் கன்சாஸ் சிட்டி நகரில் 18 மாநிலங்களைச் சேர்ந்த 33 மாணவர்கள் கூடி, ‘அமெரிக்காவின் வருங்கால விவசாயிகள்’ என்ற மாணவர் அமைப்பை உருவாக்கினர். உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண்மை பயில்வோருக்கான அமைப்பு இது. இவ்விரு அமைப்புகளின் நடைமுறையும் ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வோர் உறுப்பினருக்கும் சொந்தமாக ஒரு பணி உண்டு: ஒரு பாத்தி, ஒரு கன்று, பத்துக் கோழிகள் என்று ஏதோ ஒன்று. அதன் செலவையும் வரவையும் அவரே எழுத வேண்டும். கற்றதை ஊரார் முன் செய்து காட்ட வேண்டும். தலைவர், செயலர், பொருளாளரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஊருக்குப் பயன்படும் ஒரு பொதுப்பணியை ஏற்க வேண்டும்.

இவர்களின் வரலாறு குறையற்றது அன்று. வருங்கால விவசாயிகள் அமைப்பு 1969 வரை பெண்களைத் தேசிய அளவில் உறுப்பினராக ஏற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் 1965 வரை தனி அமைப்பாகவே இயங்க நேர்ந்தது. ஒரு மன்றம் நன்றாக நடக்கிறது என்று மகிழும்போதே, அதன் வாசலுக்கு வெளியே நிற்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று. இந்தக் கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

அந்தத் தந்தை கேட்ட கேள்விக்கான முதல் பதிலும் இங்கேயே கிடைக்கிறது. அமெரிக்காவில் இன்று விவசாயத்தை நம்பி வாழ்வோர் நூற்றில் இருவர்கூட இல்லை. ஆயினும் 4-எச் அமைப்பில் சுமார் 60 லட்சம் இளையோர் பங்கேற்கின்றனர். அவர்களில் நகரத்துப் பிள்ளைகளும் புறநகர்ப் பிள்ளைகளும் ஏராளம். பண்ணைகள் குறைந்தபோதும் கழகங்கள் ஏன் மறையவில்லை? அவற்றின் விளைச்சல் மக்காச்சோளம் மட்டும் அன்று. கூட்டம் நடத்தத் தெரிந்தவர்களும், கணக்கு எழுதத் தெரிந்தவர்களும், நாலு பேர் முன் நின்று பேசத் தெரிந்தவர்களும் அந்தப் பாத்திகளில்தான் விளைந்தனர்.

நமக்கு அருகிலுள்ள ஓர் எடுத்துக்காட்டையும் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரிக்கும் ஹூண்டாய் நிறுவனத்தை இந்தப் பகுதியில் அறியாதார் இல்லை. அதன் தாயகமான தென்கொரியாவில் 1947-ல் கியோங்கி மாகாணத்தில் 4-எச் கழகங்கள் தொடங்கின. கொரியப் போரால் தடைபட்டுப் பின் நாடெங்கும் கிராமங்களில் பரவின. 1970-ல் அந்நாட்டு அரசு ‘புதிய கிராமம்’ என்ற பொருள்படும் சேமவுல் இயக்கத்தைத் தொடங்கியபோது, 33,000-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குத் தலா 335 மூட்டை சிமெண்ட் கொடுத்தது. ஏறத்தாழ பாதிக் கிராமங்கள் அதைக் கொண்டு பாதையும் பாலமும் கிணறும் அமைத்தன. மற்றவை பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. எல்லோருக்கும் கிடைத்தது ஒரே அளவு சிமெண்ட்தான். மக்களைக் கூட்டிப் பேசி முடிவெடுக்கச் செய்யும் ஒருவர் ஊருக்குள் இருந்தாரா என்பதில்தான் பெருமளவு வேறுபாடு இருந்தது. அவ்வாறு முன்வந்த ஊர்த் தலைவர்களில் 4-எச் கழகங்களில் வளர்ந்தவர்களும் உண்டு. அந்த இயக்கம் சர்வாதிகார ஆட்சியின் நிழலில் நடந்தது என்பதையும், அதன் கட்டாயங்கள் நமக்கு முன்மாதிரி ஆகா என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் சிமெண்ட் மூட்டைகள் சொல்லும் பாடம் மாறாது.

தமிழ்நாட்டுக்கு இவையெல்லாம் புதியவை அல்ல. நாட்டின் தொடக்ககால வேளாண் பள்ளிகளில் ஒன்று 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில்தான் தொடங்கப்பட்டது. அது 1906-ல் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1952 அக்டோபர் 2-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊர்தோறும் மாதர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் அமைக்கப்பட்டன. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. 1972-ல் நேரு யுவ கேந்திரங்கள் வந்தன. பின்னர் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை வந்தது. இளம் அறிவியல் வேளாண்மை பயிலும் மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கி, விவசாயிகளோடு பழகிக் கற்கும் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டமும் நடைமுறையில் உள்ளது.

இந்த மாணவர்கள் ஊருக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பொதுவிடத்தில் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தைத் தரையில் வரைந்து, ஏரி எங்கே, கால்வாய் எங்கே, களம் எங்கே என்று பெரியவர்களையே குறிக்கச் சொல்வார்கள். ஒரு வாளி நீரில் உப்பைக் கரைத்து, அதில் கோழி முட்டை மிதக்கும் பதம் வந்ததும் விதை நெல்லைக் கொட்டிக் காட்டுவார்கள். பதர் மிதக்கும், திரண்ட விதை அடியில் தங்கும். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் செய்முறை, ஐம்பது பக்கத் துண்டறிக்கை செய்யாத வேலையைச் செய்துவிடும்.

ஆக, நம்மிடம் திட்டங்களுக்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. நம் மன்றங்களில் பெரும்பாலானவை மேலிருந்து வரும் சுற்றறிக்கையால் பிறந்து, ஒரு நாள் நிகழ்ச்சியில் வாழ்ந்து, ஒரு புகைப்படத்தில் முடிகின்றன. மரக்கன்று நடுவிழா நடக்கும், ஆனால் அந்தக் கன்றுக்கு மே மாதத்தில் நீர் ஊற்றுவது யார் என்ற பெயர்ப் பட்டியல் இருக்காது. தலைவர் இருப்பார், தேர்தல் நடந்திருக்காது. பணம் செலவாகியிருக்கும், அதன் கணக்கு மாணவர் கைக்கு வந்திராது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இந்தத் தவறுகள் அனைத்தையும் நானே செய்தவன்.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் முதல் ஆண்டு மன்றம் தொடங்கியபோது, வகுப்பில் முதல் மதிப்பெண் பெறும் மாணவனைத் தலைவனாக நானே அறிவித்தேன். எந்தப் பாத்தியில் என்ன விதைப்பது என்பதையும் நானே முடிவு செய்தேன். வெண்டையும் கீரையும் அழகாக வளர்ந்தன. பார்வையிட வந்தவர்கள் பாராட்டினர். ஏப்ரலில் தேர்வு முடிந்து பள்ளி பூட்டப்பட்டது. ஜூன் மாதம் திரும்பி வந்தபோது தோட்டத்தில் காய்ந்த தண்டுகளும் ஆடு மேய்ந்த தடங்களும்தான் இருந்தன. மாணவர்களிடம் கோபித்துக்கொண்டேன். ஒருவன் தயங்கியபடி, “தோட்டம் உங்களுதுன்னு நினைச்சோம் சார்” என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் என் தவறு முழுவதும் இருந்தது.

இரண்டாம் ஆண்டு மாற்றிச் செய்தோம். மாணவர்களே வாக்களித்து நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தனர். பொருளாளராக வந்தவள், வகுப்பில் அதுவரை வாய் திறந்து பேசிக் கேட்டிராத ஒரு மாணவி. கீரை விற்ற காசு, விதை வாங்கிய காசு எல்லாம் ஒரு நீள நோட்டில் அவள் கையெழுத்தில் ஏறின. மாதக் கடைசிக் கூட்டத்தில் கணக்கை உரக்கப் படிப்பது வழக்கம். ஒரு கூட்டத்தில் படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்து, “சார், ரப்பர் குழாய் இணைப்புக்கு நீங்க வாங்கின நாற்பது ரூபாய்க்கு ரசீது இல்லை” என்றாள். அறை அமைதியானது. மறந்துவிட்டேன் என்று சொல்லிச் சிரித்துத் தப்பித்திருக்கலாம். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய் ரசீது வாங்கி வந்து கொடுத்தேன். நோட்டில் ஒட்டினாள்.

என் ஆசிரியப் பணியில் நான் பெருமைப்படும் நாள்களில் அதுவும் ஒன்று. ஆசிரியரிடம் கணக்குக் கேட்ட அந்தப் பெண்ணின் குரல் நடுங்கியது எனக்குத் தெரியும். நடுங்கினாலும் கேட்டாள். மேடையில் மனப்பாடமாகப் பேசுவதைத் தலைமைப் பண்பு என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். பொதுப்பணம் ஒரு ரூபாயானாலும் அதற்குக் கணக்குக் கேட்பதும், கேட்டால் கொடுப்பதும்தான் தலைமையின் முதல் பாடம்.

இந்தப் பாடத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதும் இல்லை. இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் உள்ளிட்ட குழுக்களுக்குக் குடவோலை மூலம் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரிவாகச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழப்பர் என்கிறது விதி. அண்மைய மூன்று ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவர் உடனே மீண்டும் வர முடியாது. ஏரியையும் தோட்டத்தையும் காப்பதற்குத் தனித்தனிக் குழு, குறித்த காலம், கட்டாயக் கணக்கு. ஒரு வேளாண் மன்றத்துக்குத் தேவையான சட்டதிட்டம் அந்தச் சுவரிலேயே இருக்கிறது.

ஆனால், நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்களுக்கு மட்டுமே அந்தச் சபையில் இடம் இருந்தது. ஏரியைத் தூர்வாரியவர்களும், மடை திறந்தவர்களும், நாற்று நட்ட பெண்களும் அதில் இல்லை. மண்வெட்டி ஒருவர் கையிலும் பேரேடு இன்னொருவர் கையிலும் இருந்த சமூகம் அது. நம் பள்ளித் தோட்டங்களில் இன்றும் அது வேறு வடிவில் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். சாணம் கரைக்கவும் குழி வெட்டவும் சில பிள்ளைகள் இயல்பாகவே முன்னால் தள்ளப்படுவார்கள். குறிப்பெழுதவும் விருந்தினரை வரவேற்கவும் வேறு சில பிள்ளைகள் இருப்பார்கள். பெண் பிள்ளைகள் பெருக்குவார்கள், பையன்கள் குழாய் பிடிப்பார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனாலும் நடந்துவிடும். எனவே எங்கள் மன்றத்தில் ஒரு விதி வைத்தோம். பேரேடு எழுதுபவரும் வாரத்தில் ஒரு நாள் மண்வெட்டி பிடிக்க வேண்டும். மண்வெட்டி பிடிப்பவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஒரு மாதம் பேரேடு எழுத வேண்டும். தப்பும் தவறுமாக எழுதப்பட்ட மாதங்களும் உண்டு. ஆனால் எழுதப்படாத மாதம் இல்லை.

இந்தத் தொழில்வழிச் சாலையின் பள்ளிகளுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் கட்டுமான வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அப்படி வந்த ஒரு மாணவன் தமிழ் எழுத்துகளோடு போராடிக்கொண்டு, கடைசி வரிசையில் பேசாமல் இருந்தான். நாற்றங்காலில் நாற்றுப் பறிக்கும் நாள் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் வேரை அறுத்துக்கொண்டிருக்க, அவன் குனிந்து மளமளவென்று பறித்து, வேரை நீரில் அலசி, ஒரு கையாலேயே முடிபோட்டு வரிசையாக வைத்தான். பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நாங்கள் நிலத்தைவிட்டு விலகிய வேகத்தில் மறந்துபோன ஒன்றை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த ஒரு பையன் கையில் வைத்திருந்தான். அடுத்த தேர்தலில் அவன்தான் நீர்க்குழுத் தலைவன். மொழி வராத ஒருவனுக்கு மரியாதை பெற்றுத்தர வேறெந்தப் பாடவேளையாலும் முடிந்ததில்லை.

சரி, சேரப்பணஞ்சேரி போன்ற ஓர் ஊரில் இத்தகைய மன்றம் என்ன செய்யலாம்? முதலில், அது பள்ளி நாட்காட்டியை விட்டுவிட்டுப் பயிர் நாட்காட்டியைப் பிடிக்க வேண்டும். இந்த வட்டாரத்துக்கு நவரை, சொர்ணவாரி, சம்பா என்று மூன்று நெற்பட்டங்கள் உண்டு. சொர்ணவாரியின் இளம்பயிர்க் காலம் கோடை விடுமுறையில் வருகிறது. நவரை வளரும்போது பொதுத்தேர்வு நெருங்குகிறது. சம்பாதான் மாணவர்களுக்கு ஏற்றது. ஆடியை ஒட்டி விதைத்தால் தையை ஒட்டி அறுவடை. பள்ளி ஆண்டுக்குள் முழுச் சுற்றும் அடங்கும். நிலம் இல்லாத பள்ளி கால் சென்ட் இடத்திலோ தொட்டிகளிலோ நட்டாலும் போதும். காய்கறிப் பாத்திகளுக்கு மே மாதப் பொறுப்பாளர் பட்டியலைப் பிப்ரவரியிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

இரண்டாவது, மண். மண் மாதிரி எடுப்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் கைவரும் வேலை. வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து, அதன் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்த்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரை கிலோவாகக் குறைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மண்வள அட்டை வந்ததும், அதில் உள்ள எண்களுக்கு என்ன பொருள், எந்த உரத்தைக் குறைக்கலாம் என்பதை அந்த விவசாயிக்குப் படித்துச் சொல்வது மாணவர் வேலை. எஞ்சியிருக்கும் சில விவசாயிகளில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அட்டையைப் படித்துச் சொல்லும் ஒரு மாணவி, ஊருக்குச் செய்யும் சேவை சிறியதல்ல.

மூன்றாவது, விதை. திருத்துறைப்பூண்டி பகுதியில் ‘நெல்’ ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஓர் எளிய விதி இருந்தது. 2 கிலோ பாரம்பரிய விதை நெல் பெற்றவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அந்த விதைகள் பல்கிப் பெருகி வருகின்றன. ஒரு மன்றம் அவரையிலோ சுரையிலோ இதே விதியைப் பின்பற்றலாம். ஒரு கைப்பிடி விதை வாங்கினால் இரு கைப்பிடி திருப்ப வேண்டும். கடன், நம்பிக்கை, பெருக்கம் ஆகிய மூன்றையும் ஒரே நோட்டில் கற்றுக்கொள்ளலாம்.

நான்காவதும் முதன்மையானதும் ஏரி. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். வயல் சுருங்கியதும் ஆயக்கட்டுதாரர் குறைந்தனர். ஏரியைக் கவனிப்பாரும் குறைந்தனர். வரத்துக்கால் அடைபட்டது, உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று வழியில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாம் மறந்திருக்க முடியாது. மேலே உள்ள ஏரிகளும் கால்வாய்களும் நலமாக இருப்பது கீழே வாழும் நகரத்துக்கும் உயிர்ப் பிரச்சினை. பாசனத்துக்குத் தேவையில்லை என்று நாம் கருதும் ஏரி, வெள்ளத்துக்கும் நிலத்தடி நீருக்கும் தேவைப்படுகிறது. ஆலைகளுக்கும்கூடத் தேவைப்படுகிறது.

மன்ற மாணவர்கள் செய்ய வேண்டியது இதுதான். பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் காலையில் அளவெடுப்பது. வாரம் ஒருமுறை, ஆசிரியர் துணையோடு கரையில் நின்றபடி, மதகுச் சுவரில் எழுதிய அடிக்குறியைப் பார்த்து ஏரியின் நீர்மட்டத்தைக் குறிப்பது. மாதம் ஒருமுறை ஊரின் சில கிணறுகளில் நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று கயிறு விட்டு அளப்பது. கலங்கலும் வரத்துக்காலும் எங்கே அடைபட்டிருக்கின்றன என்று வரைபடத்தில் குறிப்பது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. அவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று மன்றத்தின் செயலர் எழுந்து, அந்த ஆண்டின் மழை, ஏரி, கிணறு பற்றிய அறிக்கையை ஊரார் முன் படிக்கட்டும். ஓராண்டு எண்களைப் பார்த்து யாரும் அசையமாட்டார்கள். ஐந்தாண்டு எண்கள் சேர்ந்தால் அதிகாரியும் நிறுவனமும் புறந்தள்ள முடியாத ஆவணம் ஆகிவிடும்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். மன்றம் என்ற பெயரில் பிள்ளைகளின் உழைப்பு யாருடைய வயலுக்கும் கூலியில்லா வேலையாகிவிடக் கூடாது. பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பணியமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது. கற்கும் நேரம், வேலை நேரம் இரண்டின் எல்லையையும் ஆசிரியர் காக்க வேண்டும். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எதையும் மாணவர் தொடக் கூடாது. மஞ்சள் ஒட்டும் அட்டையும் வேப்பங்கொட்டைக் கரைசலும் போதும். ஆலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து உதவ முன்வந்தால் நன்றியோடு ஏற்கலாம். ஆனால் அந்தப் பணமும் மாணவரின் பேரேட்டில் ஏற வேண்டும். பெயர்ப்பலகைக்குச் செலவாகும் தொகை விதைக்குச் செலவாவதைவிட அதிகமாகக் கூடாது.

இப்போது அந்தத் தந்தையிடம் திரும்புகிறேன். ஐயா, உங்கள் மகன் விவசாயி ஆகாமல் போகலாம். பெரும்பாலும் ஆகமாட்டான். பாலிடெக்னிக் படித்து ஒரகடத்தில் ஏதோ ஓர் ஆலையில் அவன் சேரக்கூடும். அந்த ஆலை என்றும் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியதை இந்த வட்டாரமே பார்த்தது. அத்தகைய நாள்களில் ஒருவனுக்குத் துணை நிற்பது சான்றிதழ் மட்டும் அன்று. சக தொழிலாளர்களை ஒன்றுகூட்டிப் பேச, பேசியதை எழுதி வைக்க, எழுதியதைக் கொண்டு உரிய இடத்தில் முறையிடத் தெரிந்திருக்க வேண்டும். நாளை அவன் தொழிற்சங்கத்தில் பொறுப்பேற்கலாம், அவன் தங்கை ஊராட்சி உறுப்பினர் ஆகலாம், யாரோ ஒருவர் பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரலாம். அவர்கள் அனைவருக்கும் தேவைப்படுவது, ஒரு கீரைப் பாத்தியின் வரவு செலவை நேர்மையாக எழுதிப் பழகிய கைதான்.

உங்களிடம் இப்போது காணி இல்லை என்றீர்கள். ஆனால் ஏரி இன்னும் ஊருடையது. வரத்துக்கால், மேய்க்கால், பள்ளித் தோட்டம், கிராம சபை எல்லாம் உங்கள் மகனுக்கும் சொந்தம். தன் பெயரில் பட்டா இல்லாத இவற்றையும் தனதென்று கருதக் கற்றுக்கொள்ள அவனுக்கு ஓர் இடம் வேண்டும்.

அந்தப் பொருளாளர் மாணவி இன்று எங்கே இருக்கிறாள் என்று சிலர் கேட்பதுண்டு. விவசாயம் பார்க்கவில்லை. ஒரு தொழிற்கூடத்தில் வேலை செய்கிறாள். சென்ற ஆண்டு சாலையில் சந்தித்தபோது, தான் குடியிருக்கும் தெருவில் பெண்கள் சேர்ந்து நடத்தும் சுயஉதவிக் குழுவின் கணக்கைத் தானே எழுதுவதாகச் சொன்னாள். “ரசீது இல்லாம ஒரு ரூபாய் ஏத்தமாட்டேன் சார்” என்றாள். இந்த ஆடிப் பட்டத்தில் நம் ஊர்ப் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு பாத்தியைக் கொத்தட்டும். அதோடு நூறு பக்க நீள நோட்டு ஒன்றையும் வாங்கி, முதல் பக்கத்தில் வரவு, செலவு என்று மாணவர் கையாலேயே கோடு போடச் சொல்லட்டும்.